பாய்ந்து ஆடிய ஆட்டம் ஏன் டிராவில் முடிகிறது?

குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஒரு பள்ளி ஹாலில் செஸ் போட்டி நடக்கிறது என்றால், கதவுக்கு வெளியே ஸ்வெட்டரும் மப்ளருமாகப் பெற்றோர் காத்து நிற்பார்கள். பிள்ளை வெளியே வந்ததும் "ஜெயிச்சியா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். "டிரா" என்று பதில் வந்தால், "சரி விடு, அடுத்த ரவுண்டுல பாத்துக்கலாம்" என்று தோளைத் தட்டி டீக்கடைப் பக்கம் அழைத்துப் போவார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் அந்த 'விடு'வில் எனக்கு உடன்பாடு இல்லை. டிரா என்றால் ஒன்றும் நடக்கவில்லை, இரண்டு பேரும் பேருக்குக் காய் நகர்த்திவிட்டு எழுந்து வந்துவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஹாலிலேயே மிகக் கடுமையாக நடந்த சண்டைக்கும் அரைப் புள்ளிதான் விழுந்திருக்கலாம்.

காய்கள் எப்படி நகரும் என்று தெரிந்த, அதற்குமேல் அதிகம் படிக்காத ஒருவருக்கு இதை விளக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக எனக்கு ஆசை. ஷார்ப் ஓப்பனிங் என்றால் என்ன, அப்படித் தொடங்கிய ஆட்டம் எப்படி டிராவில் போய் நிற்கிறது என்பதுதான் விஷயம். ஒரு பலகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

கட்டங்களின் பெயரை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளைப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால், இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்று எட்டு நெடுவரிசைகள். நம் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை 1 முதல் 8 வரை எண்கள். வெள்ளை ராஜா தொடக்கத்தில் நிற்பது இ1, கறுப்பு ராஜா நிற்பது இ8. மூலையில் நிற்கும் காயை யானை என்றும், குறுக்காகப் போகும் காயை பிஷப் என்றும் எழுதுகிறேன்.

ஷார்ப் ஓப்பனிங் என்றால்

ஆட்டத்தின் முதல் பத்துப் பதினைந்து நகர்வுகள்தான் ஓப்பனிங். இதில் அமைதியானவை உண்டு. லண்டன் சிஸ்டம் அப்படிப்பட்டது. டி4 ஆடி, பிஷப்பை எஃப்4-க்கு எடுத்து, இ3, சி3 என்று சிப்பாய்களை ஒன்றையொன்று தாங்கும்படி நிறுத்தி, காஸ்லிங் செய்துவிட்டு, அதற்குப் பிறகு யோசிக்கலாம். நடுவில் ஒரு நகர்வு சுமாராகப் போனாலும் உடனே ஆட்டம் போய்விடாது. புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கு இதை நிறையப் பேர் சொல்லிக் கொடுப்பதற்கு அதுதான் காரணம்.

ஷார்ப் ஓப்பனிங்கில் இந்த வசதி கிடையாது. கிங்ஸ் கேம்பிட்டைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ராஜா முன்னால் இருக்கும் சிப்பாயை இ4, இ5 என்று நகர்த்திய உடனே வெள்ளை எஃப்4 என்று அடுத்த சிப்பாயையும் தள்ளுகிறது. அது இனாமாகக் கிடைக்கும் சிப்பாய். அதோடு வெள்ளை தன் ராஜா பக்கத்துக் கதவையும் தானே திறந்துவிடுகிறது. பதிலுக்கு நடுப்பலகையும் எஃப் வரிசையும் கிடைக்கும் என்பது கணக்கு.

இன்னொன்று, யூடியூப் பார்க்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடித்தது. இ4, இ5, வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்புக் குதிரை சி6, வெள்ளை பிஷப் சி4, கறுப்பின் இன்னொரு குதிரை எஃப்6. இந்த இடத்தில் வெள்ளைக் குதிரை ஜி5-க்குப் பாய்ந்து எஃப்7 சிப்பாயைக் குறிவைக்கிறது. கறுப்பு டி5 என்று தடுக்க, வெள்ளைச் சிப்பாய் அதை வெட்ட, கறுப்புக் குதிரை திருப்பி வெட்டினால், வெள்ளை தன் குதிரையை எஃப்7-ல் பலி கொடுக்கும். ராஜா அதை வெட்டியதும் வெள்ளை ராணி எஃப்3-ல் வந்து செக் வைக்கும். டி5-ல் நிற்கும் குதிரையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் கறுப்பு ராஜா இ6-க்கு, நடுப்பலகைக்கு வந்து நிற்க வேண்டும். ஏழு நகர்வுதான் ஆகியிருக்கிறது. ஒரு பக்கம் குதிரையைக் கொடுத்து ஒரு சிப்பாய் மட்டும் வாங்கியிருக்கிறது. இன்னொரு பக்கம் ராஜா வீடு வாசல் இல்லாமல் நிற்கிறது.

இந்த உதாரணங்களிலேயே ஷார்ப் என்பதன் அடையாளங்கள் தெரிகின்றன. காய்க்கணக்கு சமமாக இல்லை. ஒரு ராஜாவோ இரண்டு ராஜாவுமோ பாதுகாப்பில் இல்லை. பல இடங்களில் சரியான நகர்வு ஒன்றே ஒன்றுதான் இருக்கும், மற்றதெல்லாம் தோல்வி. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அதில் 35-ஐச் சரியாகத் திருப்பிவிட்டு ஒன்றில் தவறினால் என்ன ஆகும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஷார்ப் ஓப்பனிங்கில் இரண்டு பேரும் அந்தச் சாலையில்தான் வண்டி ஓட்டுகிறார்கள். ஒருவர் ஒரு வளைவில் தவறினால் இன்னொருவருக்கு வெற்றி. இரண்டு பேருமே கடைசிவரை தவறவில்லை என்றால்?

அப்போதுதான் டிரா வருகிறது.

டிரா வரும் வழிகள்

விதிப்படி பல வழிகள் உண்டு. நகர வேண்டியவருக்குச் செக் இல்லை, ஆனால் நகர்த்த ஒரு நகர்வும் இல்லை என்றால் ஸ்டேல்மேட். ராஜாவும் குதிரையும் ஒரு பக்கம், வெறும் ராஜா மறுபக்கம் என்று மேட் செய்யவே முடியாதபடி காய் தீர்ந்துபோனாலும் டிரா. இரண்டு பக்கமும் 50 நகர்வு ஆடியும் ஒரு காய்கூட வெட்டப்படவில்லை, ஒரு சிப்பாய்கூட நகரவில்லை என்றால் டிரா கேட்கலாம். ஒரே நிலை, அதே பக்கத்தின் நகர்வோடு, மூன்றாவது முறை வந்தாலும் கேட்கலாம். இரண்டு பேரும் பேசி ஒப்புக்கொண்டாலும் டிராதான்.

ஷார்ப் ஆட்டங்களில் அடிக்கடி பார்ப்பது தொடர் செக். ஒரு பக்கம் செக் வைத்துக்கொண்டே இருக்கும்; மறுபக்கத்து ராஜாவால் அதிலிருந்து தப்பவே முடியாது; ஆனால் மேட்டும் ஆகாது. இதற்கென்று விதிப்புத்தகத்தில் இப்போது தனி விதி இல்லை. செக் தொடர்ந்தால் எப்படியும் அதே நிலை மூன்று முறை வந்துவிடும் என்பதால், மேலே சொன்ன விதியிலேயே அது அடங்கிவிடுகிறது.

மே மாதத்தில் இங்கே நடந்த ஒரு போட்டியில் பார்த்ததைச் சொல்கிறேன். ஊட்டியில் மலர்க் கண்காட்சி, குன்னூரில் பழக் கண்காட்சி என்று சாலை முழுக்க வண்டிகள் நெரிந்து, கோவையிலிருந்து வரவேண்டிய பிள்ளைகள் தாமதமாக வந்து சேர்ந்த நாள். கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படகர் ஊர்) ஒன்றிலிருந்து வந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு வெள்ளைக் காய். முதல் இருபது நகர்வுக்குள் ஒரு பிஷப்பையும் ஒரு குதிரையையும் பலி கொடுத்து, எதிராளியான கோவைப் பையனின் ராஜாவுக்கு முன்னால் இருந்த ஜி, எச் சிப்பாய்களைத் துடைத்துவிட்டாள். கறுப்பு ராஜா ஜி8-ல். அதன் பக்கத்திலேயே எஃப்8-ல் அதன் சொந்த யானை, எஃப்7-ல் சொந்தச் சிப்பாய். மற்ற கறுப்புக் காய்கள் எல்லாம் பலகையின் இடது கோடியில், இவள் ராஜாவை முடிப்பதற்குத் தயாராக இருந்தன.

இவளிடம் தாக்குதலுக்கு மிஞ்சியது ராணி மட்டும். ராணியை ஜி5-ல் வைத்துச் செக் சொன்னாள். எஃப் வரிசைப் பக்கம் ராஜாவின் சொந்தக் காய்களே அடைத்துக்கொண்டு நிற்கின்றன; ஆகவே ராஜா எச்7-க்கோ எச்8-க்கோதான் போகலாம். போனது. ராணி எச்5-ல் செக். இப்போது எச் வரிசையில் நிற்க முடியாது; ஜி7-க்கோ ஜி8-க்கோ வரவேண்டும். வந்தது. மறுபடி ஜி5-ல் செக். பையன் ஒரு தடவை எச்8, ஒரு தடவை எச்7 என்று மாற்றிப் பார்த்தான். கட்டம் மாறியதே தவிர செக் நிற்கவில்லை. இரண்டு பெரிய காய்கள் அதிகம் வைத்திருந்தும் அவனுக்கு ஒரு நகர்வு நேரம் கிடைக்கவில்லை. ஒரே ஒரு நகர்வு கிடைத்திருந்தால் அவன் ஜெயித்திருப்பான். அந்த ஒரு நகர்வை அவள் கடைசிவரை கொடுக்கவே இல்லை.

தொடர் செக்கின் சாரம் இதுதான். செக்கை எதிர்கொள்ள மூன்றே வழிகள்: ஓடுவது, நடுவில் காயை வைத்து மறைப்பது, செக் வைத்த காயை வெட்டுவது. இந்தப் பையனுக்கு மறைக்கவும் வெட்டவும் காய்கள் பக்கத்தில் இல்லை. ஓடிய இடமெல்லாம் ராணிக்கு எட்டும் தூரம். இரண்டு காயைக் கொடுத்து ராஜாவைத் திறந்தபோது அவள் எதிர்பார்த்தது மேட்டாகத்தான் இருந்திருக்கும். எதிராளி நன்றாகத் தடுத்ததால் மேட் வரவில்லை. அவள் கொடுத்த விலைக்குத் தொடர் செக் கிடைத்தது. இரண்டு பேரின் வேலையும் அந்த அரைப் புள்ளியில் இருக்கிறது.

1914-ல் மாஸ்கோவில் இமானுவேல் லாஸ்கரும் அலெக்சாண்டர் அலெக்கினும் ஆடிய ஸ்காட்ச் ஓப்பனிங் ஆட்டமும் இதே குடும்பம்தான். லாஸ்கர் அப்போது உலகச் சாம்பியன்; அலெக்கின் 1927-ல் ஆனார். வெள்ளை எச்6-ல் பிஷப்பைப் பலி கொடுத்து, அடுத்த நகர்விலேயே இ6-ல் யானையால் ஒரு பிஷப்பை வெட்டி அந்த யானையையும் கொடுத்தது. பிறகு ஜி3-ல் ராணி செக். கறுப்பு ராஜா எஃப்7-க்கு ஓடினால் ஜி6-ல் ராணி மேட், அதனால் எச்8. வெள்ளை ராணி ஜி6-க்கு வந்ததும், 16-வது நகர்விலேயே டிரா. அடுத்து எச்6 சிப்பாயை வெட்டி எச்6, ஜி5 என்று ராணி மாறி மாறிச் செக் வைப்பதை யாராலும் நிறுத்த முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

வியன்னா, 1872

எனக்கு மிகவும் பிடித்த டிராவுக்கு வருகிறேன். வெள்ளை கார்ல் ஹாம்பே, கறுப்பு பிலிப் மைட்னர். ஹாம்பே அரசு அதிகாரி. மைட்னர் வழக்கறிஞர், அணுக்கரு பிளவை விளக்கிய இயற்பியலாளர் லீசே மைட்னரின் அப்பா. தனிமங்களின் அட்டவணையில் 109-வது இடத்தில் இருக்கும் மைட்னீரியம் அந்த மகளின் பெயரில்தான் இருக்கிறது. ஓப்பனிங்கின் பெயரே வியன்னா கேம். காய்களை அடுக்கிவைத்து ஒவ்வொரு நகர்வாக ஆடிப் பாருங்கள்.

இ4, இ5. வெள்ளைக் குதிரை சி3, கறுப்பு பிஷப் சி5. மூன்றாவது நகர்வில் வெள்ளை அந்தக் குதிரையை ஏ4-க்கு எடுத்து பிஷப்பை விரட்டப் பார்க்கிறது. பிஷப் பின்வாங்காமல் நேராக எஃப்2-ல் பாய்ந்து சிப்பாயை வெட்டிச் செக் வைக்கிறது. ராஜா பிஷப்பை வெட்டுகிறது. கறுப்பு ராணி எச்4-ல் செக். இங்கே ஜி3 என்று சிப்பாயால் மறைக்கலாமே என்று தோன்றும். மறைத்தால் ராணி இ4 சிப்பாயை வெட்டி, ஒரே நேரத்தில் ஏ4 குதிரையையும் எச்1 யானையையும் குறிவைக்கும். அதனால் ராஜாவே இ3-க்கு நடக்கிறது. ராணி எஃப்4-ல் செக், ராஜா டி3. கறுப்பு டி5 என்று சிப்பாயைத் தள்ள, ராஜா சி3. கறுப்பு ராணி இ4 சிப்பாயை வெட்டுகிறது, அப்படியே ஏ4 குதிரைமீதும் கண் வைக்கிறது. குதிரையைக் காக்க ராஜா பி3-க்கு வருகிறது. எட்டு நகர்வுக்குள் வெள்ளை ராஜா பலகையின் குறுக்கே நடந்து மறுபக்கம் சேர்ந்துவிட்டது.

கறுப்பு பி8 குதிரையை ஏ6-க்கு எடுக்கிறது. வெள்ளை ஏ3 என்று சிப்பாயைத் தள்ளி, ராஜா பின்வாங்க ஏ2 கட்டத்தைத் திறந்துவைக்கிறது. இப்போது மைட்னர் தன் ராணியாலேயே ஏ4 குதிரையை வெட்டிச் செக் வைக்கிறார்! ராணியைக் கொடுத்துக் குதிரை. ராஜா ராணியை வெட்டியே ஆகவேண்டும். ஏ6 குதிரை சி5-க்கு வந்து செக்; ராஜா பி4. ஏ5 சிப்பாயால் செக். ராஜா சி5 குதிரையையும் வெட்டுகிறது. கறுப்பு இதுவரை கொடுத்தது ஒரு பிஷப், ராணி, ஒரு குதிரை. வாங்கியது ஒரு குதிரை, இரண்டு சிப்பாய். கணக்குப் பார்க்கிறவர்கள் இங்கேயே பலகையை மூடிவிடுவார்கள்.

கறுப்பின் அடுத்த நகர்வில் செக்கே இல்லை. மிச்சமிருக்கும் குதிரை ஜி8-லிருந்து இ7-க்கு வருகிறது, அவ்வளவுதான். அது சி6 கட்டத்தை அடைத்துவிடுகிறது. அடுத்து பி6 சிப்பாய் செக், ராஜா பி5, பிஷப் டி7 மேட் என்று மிரட்டல். சாதாரணமாகத் தெரியும் அந்தக் குதிரை நகர்வுதான் எனக்கு இந்த ஆட்டத்திலேயே பெரிய நகர்வு. இவ்வளவு காய்களைக் கொடுத்த பிறகு, செக் வைக்காமல் அமைதியாக ஒரு நகர்வு ஆடுவதற்கு எவ்வளவு தெளிவாகக் கணக்குப் போட்டிருக்க வேண்டும்!

ஹாம்பேயும் அசரவில்லை. பிஷப்பை பி5-ல் வைத்து எதிர்ச்செக். கறுப்பு ராஜா டி8. உடனே அதே பிஷப்பை சி6-க்கு நகர்த்துகிறார். பி7 சிப்பாயும் இ7 குதிரையும் அதை வெட்டலாம் என்று தெரிந்தே அங்கே வைக்கிறார். இந்த நகர்வு இல்லையென்றால் வெள்ளைக்கு அன்றைக்கு ஆட்டம் போயிருக்கும். கறுப்பு பி6 சிப்பாயால் செக், ராஜா பி5, குதிரை சி6 பிஷப்பை வெட்டுகிறது, ராஜா அந்தக் குதிரையை வெட்டி சி6-ல் நிற்கிறது. 16 நகர்வில் வெள்ளை ராஜா எதிராளியின் கோட்டைக்குள் நிற்கிறது.

கறுப்பு பிஷப் பி7-ல் செக். ராஜா அதை வெட்டலாமா? காவல் இல்லாத பிஷப், வெட்டத்தான் கை போகும். வெட்டினால் கறுப்பு ராஜா டி8-லிருந்து டி7-க்கு ஒரு கட்டம் மேலே வரும். அது விலகியதும் ஏ8 யானையும் எச்8 யானையும் ஒரே வரிசையில் ஒன்றையொன்று தாங்கும். அடுத்து எச்8 யானை பி8-க்கு வந்தால் மேட். நடுவில் வெள்ளை ராணி ஜி4-ல் ஒரு செக் வைத்துப் பார்க்கலாம். கறுப்பு ராஜா டி6-க்கு நகர்ந்துவிடும், மேட் அப்படியே இருக்கும். ஹாம்பே இதைப் பார்த்துவிட்டார். ராஜாவை பி5-க்கே திருப்பினார். பிஷப் ஏ6-ல் செக். அதை வெட்ட முடியாது, ஏ8 யானை காவல். ராஜா மறுபடி சி6. பிஷப் மறுபடி பி7-ல் செக். 18 நகர்வு. டிரா.

கடைசி நிலையை ஒரு நிமிடம் பாருங்கள். வெள்ளையிடம் ராணி, இரண்டு யானை, ஒரு பிஷப், ஒரு குதிரை. கறுப்பிடம் இரண்டு யானை, ஒரு பிஷப். இவ்வளவு அதிகம் இருந்தும் வெள்ளையின் அந்த ஐந்து காய்களில் ஒன்றுகூடத் தொடங்கிய கட்டத்தைவிட்டு அசையவில்லை. வெள்ளை ஆடிய 18 நகர்வில் 12 ராஜாவின் நகர்வு. காய்க்கணக்கில் வெள்ளைக்கு மலையளவு லாபம், ஆனால் அந்தக் காய்கள் சண்டைக்கு வந்து சேரவே இல்லை. கறுப்பின் ஒற்றை பிஷப் செக் வைப்பதை நிறுத்திவிட்டால் கறுப்பு தோற்கும். வெள்ளை ராஜா வேறு கட்டத்துக்குப் போனால் வெள்ளை தோற்கும். இரண்டு பக்கத்துக்கும் வேறு சரியான நகர்வே இல்லாத இடத்தில் ஆட்டம் நின்றது.

கூர்மையும் சமநிலையும்

தொடக்க நிலையில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். முதலில் நகர்வதால் வெள்ளைக்குச் சின்னச் சாதகம், அவ்வளவுதான். நல்ல நகர்வு அந்தச் சமநிலையைக் கெடுக்காது. தவறான நகர்வுதான் கெடுக்கும். ஒருவர் ஜெயிக்க வேண்டுமென்றால் இன்னொருவர் எங்கோ தவற வேண்டும். ஷார்ப் ஓப்பனிங் அந்தத் தவறுக்கான வாய்ப்பைப் பல மடங்காக்குகிறது, சமநிலையை மாற்றிவிடுவதில்லை. அமைதியான ஆட்டத்தில் இரண்டு பக்கமும் காய்களைச் சமமாக வெட்டித் தீர்த்துவிட்டு, ராஜாவும் நாலு சிப்பாயுமாக டிராவுக்கு வருவார்கள். ஷார்ப் ஆட்டத்தில் ஒருவரிடம் காய் அதிகம், இன்னொருவரிடம் தாக்குதல் அதிகம். தாக்குதலால் மேட் செய்ய முடியவில்லை, காய் அதிகம் உள்ளவரால் தாக்குதலிலிருந்து விடுபட முடியவில்லை என்றால் மிஞ்சுவது தொடர் செக்.

1972-ல் ரெய்க்யாவிக்கில் ஸ்பாஸ்கியும் ஃபிஷரும் மோதிய உலகச் சாம்பியன் போட்டியில் இதன் இரண்டு முகத்தையும் பார்க்கலாம். சிசிலியன் நைடார்ஃப் என்ற ஷார்ப் ஓப்பனிங்கில் விஷச் சிப்பாய் என்று பேர்பெற்ற ஒரு வழி உண்டு. எட்டாவது நகர்வில் கறுப்பு ராணி தனியாகப் போய் பி2 சிப்பாயை வெட்டும். வெள்ளை அந்த நேரத்தில் தன் காய்களை எல்லாம் தாக்குதலுக்குக் கொண்டுவரும். ஏழாவது ஆட்டத்தில் ஃபிஷர் இதை ஆடினார். 49 நகர்வில் டிரா. 11-வது ஆட்டத்தில் மறுபடியும் அதையே ஆடினார், ஸ்பாஸ்கி ஜெயித்தார். அதே ஆட்களும் அதே ஓப்பனிங்கும்தான். முதல் தடவை இரண்டு பேரும் தாக்குப் பிடித்தார்கள், இரண்டாவது தடவை ஒருவரால் முடியவில்லை.

குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று உலகச் சாம்பியன் ஆனபோது இங்கேயும் பள்ளிகளில் இனிப்பு கொடுத்தார்கள். அந்தப் போட்டியின் 14 ஆட்டங்களில் ஒன்பது டிரா. 2018-ல் லண்டனில் உலகச் சாம்பியன் பட்டத்துக்காக கார்ல்சனும் கருவானாவும் ஆடிய 12 கிளாசிக்கல் (நீண்ட நேரம் ஆடும்) ஆட்டங்களுமே டிரா. 1984-ல் தொடங்கிய கார்ப்போவ், காஸ்பரோவ் போட்டி 48 ஆட்டங்கள் நீண்டு, 40 டிரா ஆன பிறகு 1985 பிப்ரவரியில் முடிவில்லாமலே நிறுத்தப்பட்டது. பிள்ளை டிரா செய்துவிட்டு வந்தால் முகம் வாடும் பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது குகேஷின் அந்த ஒன்பது டிராவைத்தான்.

எல்லா டிராவும் இப்படிப்பட்டதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். பத்துப் பதினைந்து நகர்வு அமைதியாக ஆடிவிட்டுக் கை குலுக்கிக்கொண்டு எழுந்துபோகிறவர்கள் உண்டு. அதைத் தடுக்கத்தான் 2005-ல் பல்கேரியாவின் சோபியாவில் நடந்த போட்டியில், வீரர்கள் தாங்களாகப் பேசி டிரா செய்துகொள்ளக் கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள்; இன்றும் அதை சோபியா விதி என்றே சொல்கிறார்கள். கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அது மிக நல்ல விதி. பயந்துபோய் டிரா கேட்பதும், கேட்டதும் ஒப்புக்கொள்வதும் ஆட்டத்தை வளர்க்காது. புள்ளிப் பட்டியலில் இரண்டுக்கும் ஒரே ½ தான் என்பதால், பெற்றோரும் பயிற்சியாளரும் நகர்வுகளை எழுதிய ஸ்கோர் ஷீட்டை வாங்கிப் படிக்க வேண்டும்.

மேசையில் உட்கார்ந்திருக்கும்போது

தொடர் செக் கண்ணில் பட்டும் அதை முறையாகக் கேட்கத் தெரியாமல் ஆட்டத்தை விட்டுவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்து ஆடப்போகும் நகர்வால் அதே நிலை மூன்றாவது முறை வரும் என்றால், காயைத் தொடாதீர்கள். நகர்வை ஸ்கோர் ஷீட்டில் எழுதுங்கள், கடிகாரத்தை நிறுத்துங்கள், ஆர்பிட்டரை (நடுவரை) அழைத்துச் சொல்லுங்கள். எதிராளி ஆடியதால் மூன்றாவது முறை வந்திருந்தால், நம் முறையில் காயைத் தொடுவதற்கு முன்பே கேட்க வேண்டும். நிலைகள் அடுத்தடுத்து வரவேண்டிய அவசியமில்லை. நடுவில் வேறு நகர்வுகள் வந்தாலும் எண்ணிக்கை செல்லும். கேட்டது தவறு என்று ஆகிவிட்டால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். யாரும் கேட்காவிட்டாலும் ஒரே நிலை ஐந்து முறை வந்தால் ஆர்பிட்டரே ஆட்டத்தை டிரா என்று முடித்துவிடுவார்.

பேசி டிரா கேட்பதாக இருந்தால், நம் நகர்வை ஆடிவிட்டு, கடிகாரத்தை அழுத்துவதற்கு முன் கேட்க வேண்டும். எதிராளி யோசித்துக்கொண்டிருக்கும்போது கேட்பது முறையல்ல. இரண்டு பக்கமும் ஷீட்டில் ஒரு சமக்குறி போட்டுக்கொள்வது வழக்கம்.

காய் குறைந்துபோய்த் தோற்கப்போகிறோம் என்று தோன்றும்போது, சரணடைவதற்கு முன் எதிராளியின் ராஜாவை ஒருமுறை பாருங்கள். அதற்கு முன்னால் சிப்பாய்கள் இருக்கின்றனவா, அதற்கு ஓட எத்தனை கட்டம், அந்தக் கட்டங்களை நம் ராணியால் எட்ட முடியுமா? காய் அதிகமாக வைத்திருக்கிறவரும் அதே கேள்வியைத் தன் ராஜாவைப் பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கோவைப் பையனிடம் இரண்டு காய் அதிகம் இருந்தது. நாலு நகர்வுக்கு முன்பே அதில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாவது அவள் ராணியை மாற்றிக்கொள்ள வழி இருந்தது. ராணி போய்விட்டால் செக் வைக்க ஆள் இல்லை. பலமான ஆட்டக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள், கொஞ்சம் லாபத்தைக் கொடுத்துப் பாதுகாப்பை வாங்கிக்கொள்வார்கள்.

வியன்னா ஆட்டத்தில் ஒரு கேள்வியை வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறேன். 17-வது நகர்வில் கறுப்பு பிஷப் ஏ6-ல் செக் வைத்தபோது, வெள்ளை ராஜா சி6-க்குப் போகாமல் ஏ4-க்குப் பின்வாங்கியிருந்தால் என்ன? தன் வீட்டை நோக்கித்தானே போகிறது, பாதுகாப்பாகத்தான் தெரியும். கறுப்பு பதிலுக்கு பிஷப்பை சி4-க்கு நகர்த்தும், அடுத்து பி5 என்று சிப்பாயைத் தள்ளக் காத்திருக்கும். வெள்ளைக்கு இப்போது முழுதாக ஒரு நகர்வு இருக்கிறது, ராணியும் யானைகளும் இருக்கின்றன. பலகையில் காய்களை வைத்து, அந்த ஒரு நகர்வில் மேட்டைத் தடுக்க ஏதாவது வழி கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.